மதிப்பீடு: நிழல் நீங்கலாக

திண்டுக்கல்லில் வேடசந்தூர் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, "புளியமரம் ஒண்ணு குடுங்கண்ணே" என்று கேட்டால் கண்டக்டர் மறுபேச்சில்லாமல் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுப்பார். இறங்கிப் பார்த்தால் புளியமரம் இருக்காது. அது இருந்த இடத்தில் பயணிகள் நிழற்குடை ஒன்று நிற்கும். செத்துப்போன மரத்தின் பெயரை நிழற்குடைக்கு வைத்து, இன்னும் வியாபாரம் நடந்துகொண்டிருக்கிறது.

நிழற்குடையைக் குறைசொல்லக் கூடாது. நல்ல வேலைப்பாடு. எஃகுக் குழாய்க் கால்கள், மேலே வளைத்துவிட்ட தகடு, உட்காரத் துளைபோட்ட எவர்சில்வர் பெஞ்சு. நெற்றியில் எந்த நிதி, எந்த ஆண்டு, மதிப்பீடு எத்தனை லட்சம், திறந்து வைத்தவர் யார், முன்னிலை வகித்தவர் யார் என்பதெல்லாம் தூரத்தில் வரும் லாரிக்காரரும் படிக்கிற அளவில் எழுதியிருக்கிறது. ஒரே ஒரு சங்கதிதான். ரோடு மேற்கே இருப்பதால் குடையையும் மேற்கே பார்க்கக் கட்டிவிட்டார்கள். மதியம் இரண்டு மணிக்கு மேல் வெயில் உள்ளே வந்து, முதல் ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் எவர்சில்வரில் உட்காருகிறவர் எழுந்திருக்கும் வேகத்தைப் பார்த்தால், பஸ் வந்துவிட்டதோ என்று நமக்கும் பதற்றம் வரும். விவரம் தெரிந்தவர்கள் குடைக்குள் நுழைவதே இல்லை. அதன் முதுகுப் பக்கம், கிழக்கே விழுகிற நிழலில் வரிசையாக நிற்பார்கள். அங்கிருந்து ரோடு தெரியாது என்பதால் பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவனை வெயிலில் நிறுத்தி, பஸ்ஸுக்குக் காவல் வைப்பார்கள்.

பழைய மரத்தில் கல்வெட்டு எதுவும் கிடையாது. யார் வைத்த மரம் என்று கேட்டால் எங்கள் பக்கத்தில் ஒரே பதில்: மங்கம்மா. 1689 முதல் 1706 வரை மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாள் சாலை போட்டார், சத்திரம் கட்டினார், வழிநெடுக மரம் வைத்தார் என்பது வரலாறு. தாத்தாவுக்கு மூத்த மரமெல்லாம் அவர் வைத்தது என்பது எங்கள் ஊர் வரலாறு. பாதிக்கு மேல் வெள்ளைக்காரன் காலத்துச் சாலைத் துறை நட்டதாகத்தான் இருக்க வேண்டும். ஆனால் ஒரு துறைக்கு நன்றி சொல்வதைவிட ஒரு ராணிக்குச் சொல்வது சுலபம், கௌரவமும்கூட.

துறைக்கும் மரத்துக்கும் உறவு இல்லாமலில்லை. பட்டையைச் சீவி, கறுப்புப் பெயிண்ட் பூசி, வெள்ளையில் எண் எழுதியிருப்பார்கள். வருசா வருசம் புளி மகசூல் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுத்தவர் மாசி, பங்குனியில் ஆள் ஏற்றி உலுக்குவார். அதற்குள் நாங்கள் செங்காயாக இருக்கும்போதே கல்லெறிந்து பாதியைத் தின்று, பல் கூசி, சோறு தின்ன முடியாமல் வீட்டில் அடியும் வாங்கியிருப்போம். அரசாங்கக் கணக்கில் அந்த மரம் ஆண்டுக்கு இரண்டு மாதம்தான் வேலை பார்த்தது.

மீதிப் பத்து மாதம் அது செய்த வேலைக்குக் கணக்கில்லை. ஊரில் முடிவெட்டுகிறவரின் கடை அங்கேதான். கடை என்றால் ஒரு மர நாற்காலி, ஒரு கண்ணாடி, ஒரு தகரப் பெட்டி. கண்ணாடி மாட்ட மரத்தில் மூன்று ஆணி அடித்திருந்தார். காலை நிழலுக்கு மேற்கே ஒன்று, உச்சிவேளைக்கு வடக்கே ஒன்று, சாயங்காலத்துக்குக் கிழக்கே ஒன்று. வெயில் நகர நகர நாற்காலியும் மரத்தைச் சுற்றி வரும். பாதி முடி வெட்டியிருக்கும்போதே நாற்காலியோடு ஆளைத் திருப்பிய நாளும் உண்டு. கைக்கடிகாரம் இல்லாதவர்கள் தூரத்திலிருந்தே கண்ணாடி எந்த ஆணியில் தொங்குகிறது என்று பார்த்து, பத்தரை மணி பஸ் போய்விட்டதா இல்லையா என்று தெரிந்துகொள்வார்கள்.

பக்கத்தில் ஒரு சுமைதாங்கிக் கல். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக அவள் வீட்டார் நட்டது. விறகுக்கட்டும் புல்லுக்கட்டும் சுமந்து வருகிறவர்கள் இறக்கிவிட ஆள் தேடாமல், நின்றவாக்கிலேயே தலைச்சுமையைக் கல்லின்மேல் தள்ளிவிட்டு, நிழலில் ஐந்து நிமிடம் மூச்சுவிட்டுப் போகலாம். அந்தக் கல் இப்போதும் பயன்படுகிறது. நிழற்குடைக்கு ஏறும் படியாகப் போட்டிருக்கிறார்கள்.

2000-களின் பின்பாதியில் ஏழாம் எண் தேசிய நெடுஞ்சாலை நான்கு வழியானது. பிற்பாடு அதன் எண்ணும் 44 என்று மாறியது. மரங்களுக்கு எண் போட்டுப் பழகியவர்களுக்குச் சாலையின் எண்ணை மாற்றுவதா பெரிய காரியம்? மரங்கள் விழுந்த வேகத்தை வேடிக்கை பார்க்க நாங்களும் போய் நின்றோம். வெயில் தாங்காமல், இன்னும் வெட்டாத மரத்தின் அடியில் நின்றுதான் பார்த்தோம். முடிவெட்டுகிறவரின் மரத்துக்கு மட்டும் அறுவை மில்காரர் விலையைக் குறைத்துக் கேட்டார். ஆணி அடித்த மரம், வாள் பல் போய்விடும் என்றார். வைரம் பாய்ந்த அடிமரம் கறிக்கடைகளுக்குப் போனதாகச் சொன்னார்கள். கறி கொத்துவதற்குப் புளியங்கட்டையை மிஞ்சிய கட்டை கிடையாது. பிரியாணிக்குப் பேர்போன ஊரில் எங்கள் புளியமரம் கொஞ்ச காலம் வெட்டுப்பட்டுக்கொண்டே இருந்திருக்கும்.

இப்போது சாலை நடுவில் அரளி வளர்க்கிறார்கள். எதிரே வருகிற வண்டியின் வெளிச்சம் கண்ணில் அடிக்காமல் தடுக்குமாம், தடுக்கவும் செய்கிறது. பூவும் அழகு. ஆடுகூட வாய்வைக்காது. அதன் நிழலில் ஒதுங்க வேண்டுமானால் நாலுவழிச் சாலையின் நடுவில் படுக்க வேண்டும்; ஓணானுக்குச் சரிப்பட்டு வரும். மற்றபடி இந்தத் தடத்தில் உள்ள பெரிய நிழல், தெற்கே கொடைரோட்டிலும் வடக்கே வேலஞ்செட்டியூரிலும் இருக்கிற சுங்கச்சாவடிக் கூரைகள்தான். முன்பெல்லாம் பணம் கட்ட வரிசையில் நிற்கிற சாக்கில் அந்த நிழலைக் கொஞ்சம் அனுபவிக்கலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் அதுவும் போயிற்று. காசு மட்டும் போகிறது, நிழலில் நிற்க விடமாட்டேன் என்கிறார்கள்.

அப்பாவின் நிலத்தில் ஒரு துண்டும் அந்தச் சாலைக்குள் போனது. அளக்க வந்தவர்கள் மரியாதையானவர்கள். அம்மா கொடுத்த மோரைக் குடித்துவிட்டு, நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றி ஒவ்வொரு மரத்தையும் அளந்து எழுதினார்கள். தென்னைக்கு வயசும் காய்ப்பும். புளிக்கு மகசூல். பனைக்கு ஒரு விலை. களத்துமேட்டு வேம்புக்கு வந்ததும் சுற்றளவை மட்டும் குறித்துக்கொண்டு, விறகு என்று எழுதினார்கள்.

"சார், அது வெறகு மரமில்லீங்க. நெழலுக்கு இருக்குற மரம்" என்றார் அப்பா.

"புரியுதுங்கய்யா. நெழலுக்கு இந்தப் பாரத்துல எடமில்லீங்களே."

எழுதியவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவரும் அப்போது அந்த வேம்பின் அடியில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அது தப்பில்லை. வெயிலில் உட்கார்ந்து எழுதினால் எழுத்து கோணும்.

அந்த வேம்பில் தாழ்வான ஒரு கிளை இருந்தது. கிளையின் அடிப்பக்கம் பட்டை தேய்ந்து, விரலில் மோதிரம் கிடந்த தடம் மாதிரி ஒரு பள்ளம். களை எடுக்க வருகிற பொம்பளைகள் கைப்பிள்ளைக்குத் தூளி கட்டிக் கட்டித் தேய்ந்த இடம். அப்பத்தா அப்பாவைப் போட்டு ஆட்டியதும், அம்மா என்னைப் போட்டு ஆட்டியதும் அதே கிளைதான். பிள்ளை அழுதால் தாய்க்குக் கேட்கிற தூரத்தில் நாலு குழியாவது களை எடுக்கலாம். பிள்ளையோடு வருகிறவளுக்கு வேலை கிடைத்ததே அந்தக் கிளையால்தான். கிளை நெஞ்சுயரத்துக்கு மேலே இருந்ததால் நாடாவில் அகப்படவில்லை.

சட்டத்தையும் சும்மா சொல்லக் கூடாது. 2013-ல் வந்த புதிய நில எடுப்புச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மரங்களுக்கு மதிப்புப் போட வேளாண்மை, வனம், தோட்டக்கலை என்று துறை தெரிந்தவர்களைக் கூப்பிட்டுக் கேட்கலாம் என்கிறது. கூப்பிட்டால் அவர்களும் வருவார்கள். வந்து கட்டையையும் காயையும் நிறுப்பார்கள். கிராமக் கணக்குகளில் 2சி என்று ஒன்று உண்டு, கேள்விப்பட்டிருப்பீர்கள். புறம்போக்கில் நிற்கும் மரத்தின் பலனை இன்னார் அனுபவிக்கலாம் என்று கொடுக்கிற மரப்பட்டாவுக்கான கணக்கு. காயும் கனியும் பட்டாக்காரருக்கு. நிழல் யாருக்கு என்று அதில் எழுதவில்லை. எழுதாததனால்தான் அது எல்லாருக்கும் இருந்தது என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன். யாராவது ஒருவர் எழுதப்போய், நிழலில் ஒதுங்கியவனிடம் ரசீது கேட்டிருந்தால்?

நிழலுக்கு மதிப்பே போடவில்லை என்றும் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகத் தமிழக அரசு அறிவித்தது. வெயிலில் ஆள் இறந்துபோனால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய். நல்ல உத்தரவு, வேண்டியதும்தான். நிழல் இருந்தால் விறகு விலை, நிழல் இல்லாமல் போனால் 4 லட்சம் என்று கணக்கு ஒருவழியாக நேர்ப்பட்டிருக்கிறது.

சித்தப்பாவின் கதை வேறு. அவர் மரத்தை எந்த அரசாங்கமும் கேட்கவில்லை. அவராகவே வெட்டினார்.

எங்கள் பங்காளிகளில் முன்னோடி விவசாயி அவர். வேளாண்மைக் கண்காட்சி எங்கே நடந்தாலும் முதல் ஆளாகப் போய்த் துணிப்பை வாங்கி வந்துவிடுவார். அவர் காட்டின் நடுவில் ஒரு வேம்பு. அதன் அடியிலும் சுற்றிலும் மக்காச்சோளம் முழங்காலுக்கு மேலே எழும்பவில்லை என்பது குறை. அவர் சொன்னதில் பொய் இல்லை. நடுக்காட்டு மரம் வெயிலையும் எடுத்துக்கொள்ளும், வேரால் தண்ணீரையும் எடுத்துக்கொள்ளும். மரத்தடியில் விளைச்சல் குறையும் என்று தெரிந்தேதான் பழைய ஆட்கள் வரப்போரமும் வேலியோரமும் களத்துமேட்டிலும் மரத்தை வைத்தார்கள். காட்டுக்குள் தானாக முளைத்த ஒன்றிரண்டை, போனால் போகட்டும், கஞ்சி குடிக்க ஒரு நிழல் வேண்டாமா என்று விட்டார்கள். சித்தப்பா அந்தக் கஞ்சி நிழலைத்தான் வெட்டினார். இரண்டு படி சோளம் கூடுதலாக வந்தது. கூலிக்கு வந்தவர்கள் மதியச் சோற்றுக்கு ரோட்டோரக் கடைத் தாழ்வாரத்துக்குப் போனார்கள், திரும்பி வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அந்த ஒரு மணி நேரத்துக்கு எத்தனை படி சோளம் என்று அவர் கணக்குப் பார்த்த மாதிரித் தெரியவில்லை.

அப்புறம் காய்கறி நாற்றுக்குப் போனார். தக்காளி, மிளகாய் நாற்றுக்கு நேர்வெயில் ஆகாது. தோட்டக்கலைத் துறையில் நிழல்வலைக் குடிலுக்குப் பாதிச் செலவு மானியம். வெட்டிய வேம்புக்கு நாலு எட்டுத் தள்ளி இரும்புக் குழாய் நட்டு, பச்சை வலை கட்டி, திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்.

"அம்பது பர்சென்ட் நெழல், பாத்துக்க" என்றார்.

"வேப்பமரம் எத்தனை பர்சென்ட் குடுத்துச்சு சித்தப்பா?"

"அது கணக்குவழக்கில்லாமக் குடுத்துச்சுடா. அதான் பிரச்சினை."

மாட்டுக்கொட்டகையிலும் இதே கதை. எங்கள் வீட்டு நாட்டுமாடுகள் உச்சி வெயிலில் மரத்தடியில் கால் மடித்து அசைபோட்டுக்கொண்டு கிடக்கும். சித்தப்பாவின் கலப்பினப் பசுக்கள் தகரக் கூரைக்குக் கீழே நிற்கின்றன. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்துப் பார்க்கிற அளவு 72-ஐத் தாண்டினால் கறவை மாட்டுக்குத் தவிப்பு தொடங்கிவிடும், தீனி குறையும், பால் குறையும் என்பது கால்நடைப் பாடம். திண்டுக்கல் சமவெளியில் 72-ஐத் தாண்டாத மதியம் அபூர்வம். தகரம் வெயிலைத் தடுக்கிறதே ஒழிய, தான் சூடாகி அந்தச் சூட்டைக் கீழே மாட்டின் முதுகில் இறக்குகிறது. இலை அப்படியில்லை, நீரை ஆவியாக விட்டுத் தானும் குளிர்ந்துகொண்டு சுற்றியிருக்கிற காற்றையும் குளிர்விக்கிறது. ஆகவே கொட்டகையில் இரண்டு மின்விசிறி ஓடுகிறது. தண்ணீரைப் புகையாகத் தெளிக்கிற ஒரு குழாயும் வந்துவிட்டது. மாடு மின்விசிறிக்குக் கீழே நிற்க, மின்விசிறி போட்ட சித்தப்பா வெளியே வெயிலில் நின்று மீட்டரைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

வேலி போனதைத்தான் என்னால் ஆற்ற முடியவில்லை. எங்கள் பக்கம் கிளுவை வேலி. போத்தை வெட்டி ஊன்றினால் போதும், மழைக்குத் துளிர்த்துக்கொள்ளும். முள் உண்டு, ஆடு தழை கடிக்கும், ஓணான் பிடிக்கிற பையன்களுக்கு அது தனி உலகம். மேற்கே ஒட்டன்சத்திரம் தாண்டித் தாராபுரம், மூலனூர் வரைக்கும் கொறங்காடு என்று ஒரு நில ஏற்பாடு இன்னும் இருக்கிறது. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம். மாடும் செம்மறியும் மேய்ப்பவன் இல்லாமலே மேய்ந்து, வெயில் ஏறியதும் வெள்வேலத்தின் அடியில் தாமாகவே ஒதுங்கும். வெள்வேலங்காய் உதிர்ந்தால் அதுவே தீனி. ஆடுமாட்டைத் தெரிந்தவன் போட்ட திட்டம் அது. அதற்குத் திறப்பு விழா நடந்ததாகத் தகவல் இல்லை.

சித்தப்பா கிளுவையை எடுத்துவிட்டுக் கல்தூண் ஊன்றிக் கம்பி கட்டினார். வரப்போரப் பனைகள் செங்கல் சூளைக்குப் போயின. (2021-ல் பனை வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று அரசு அறிவித்தது. எங்கள் பனைகள் அதற்கு முன்பே முந்திக்கொண்டன.) நிலம் பளிச்சென்று ஆயிற்று. காடு முழுக்க ஒரே பார்வையில் தெரிகிறது என்று அவருக்குப் பெருமை. ஆடி வந்ததும் காற்றுக்கும் தெரிந்துவிட்டது. பாலக்காட்டுக் கணவாயில் புகுந்து வருகிற தென்மேற்குக் காற்று ஆனி, ஆடியில் எங்கள் பக்கம் ஆளைத் தள்ளும். உயரமான மரவரிசை ஒன்று இருந்தால், தன் உயரத்தைப்போலப் பத்து மடங்கு தூரத்துக்குக் காற்றின் வேகத்தைக் குறைத்துக் கொடுக்கும். முப்பது அடிப் பனைவரிசைக்குப் பின்னால் முந்நூறு அடிக்குப் பயிர் தலை தப்பும். முருங்கை முறிந்து, நிழல்வலை கிழிந்து பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றில் விழுந்த பிறகு, சித்தப்பா மேற்கே தகரத்தால் ஒரு மறைப்புக் கட்டினார். காற்று தகரத்தின் மேலேறிக் குதித்து, அந்தப் பக்கம் இன்னும் மோசமாகச் சுழன்றது. காற்றை நிறுத்த முடியாது, சலித்துத்தான் அனுப்ப முடியும். இலைக்கு அது தெரியும், தகரத்துக்குத் தெரியாது.

மரத்தின் மேல் பயம் வந்ததற்கும் நியாயம் உண்டு. 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா புயல், வலுக் குறைந்தாலும் திண்டுக்கல் வரை வந்து மரங்களைச் சாய்த்துவிட்டுத்தான் போனது. ஓட்டின்மேல் மரம் விழுந்த வீட்டுக்காரரிடம் போய் நிழலின் பெருமையைப் பேச முடியாது. ஆனால் அந்தப் புயலுக்கப்புறம், எந்தப் புயலும் வராத தெருக்களிலும் வாசல் மரங்கள் விழுந்தன. கேட்டால் கஜா என்றார்கள்.

திண்டுக்கல் பேகம்பூரில் எனக்குத் தெரிந்த தோல் வியாபாரி ஒருவர், வயதானவர், ஹஜ் போய்விட்டு வந்து சொன்னார்: "அரஃபாத் மைதானத்துல நம்ம வேப்பமரம் நிக்குது தம்பி. அது அடியிலதான் நின்னு துவா கேட்டேன்." அவர் மிகைப்படுத்தவில்லை. வெட்டவெளியாகக் கிடந்த அந்த மைதானத்தில் யாத்ரிகர்களின் நிழலுக்கென்றே 50,000 வேப்பமரங்களை வளர்த்திருக்கிறார்கள். பாலைவனத்தில், தண்ணீர் கொண்டுவந்து ஊற்றி. காய்க்காக இல்லை, கட்டைக்காக இல்லை. அந்தப் பெரியவர் இதைச் சொன்னபோது நாங்கள் திண்டுக்கல்லில் ஒரு சிக்னலில், வெயிலுக்காக மேலே கட்டிய பச்சை வலையின் கீழே நின்றுகொண்டிருந்தோம். சிவப்பு விளக்கு மாறும் வரை அனுபவிக்கலாம்.

நல்ல மரங்களெல்லாம் போனபின் ஊரில் மிஞ்சிய நிழல் சீமைக்கருவேலம். அதைப்போல வசவு வாங்கிய மரம் வேறில்லை. நிலத்தடி நீரைக் குடிக்கிறது, வேறெதையும் வளரவிடாது என்றார்கள். இதில் உண்மையும் உண்டு, கூட்டிச் சொன்னதும் உண்டு. 2017-ல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை வேரோடு அகற்றச் சொன்னதும் ஊரே திரண்டது. புளியை வெட்டியபோது வராதவர்கள், வேம்பை வெட்டியபோது வராதவர்கள், கருவேலத்தை வெட்ட வந்தார்கள். கோபத்துக்கு ஒரு மரம் வேண்டியிருந்தது, அகப்பட்டது. கண்மாய்க்குள் நூறுநாள் வேலைக்காரப் பெண்கள்தான் அதிகம் வெட்டினார்கள். அந்த வேலைக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டம், வேலையிடத்தில் குடிதண்ணீரும், முதலுதவியும், குழந்தைகளுக்கும் இளைப்பாறுவதற்கும் நிழலும் இருக்க வேண்டும் என்றது. இந்திய நாட்டுச் சட்டம் ஒன்றில் நிழல் என்று தனியாக எழுதியிருப்பதை நான் அங்கேதான் பார்த்தேன். அன்றைக்கு அந்த நிழல் எங்கே என்று போய்ப் பார்த்தால், கண்மாய்க் கரையில் வெட்டாமல் விட்டுவைத்த ஒரு கருவேலத்தின் அடியில் தூக்குவாளிகள் வரிசையாக இருந்தன.

"இதை எப்பத்தா வெட்டுவீக?" என்று ஒரு மூதாட்டியிடம் கேட்டேன்.

"சோறு தின்னுட்டு" என்றார்.

நடுவதிலும் நாங்கள் சளைத்தவர்கள் இல்லை. 2022 டிசம்பரில் ஒட்டன்சத்திரத்தை அடுத்த இடையகோட்டையில் 117 ஏக்கரில், 6 மணி நேரத்தில் 6 லட்சம் மரக்கன்று நட்டுச் சாதனைப் பட்டியலில் ஏறிவிட்டோம். ஒரு கன்றுக்கு எட்டரைச் சதுர அடி வருகிறது. அடர்காடு என்றால் நெருக்கித்தான் நட வேண்டும், ஒன்றையொன்று முந்திக்கொண்டு வளரும் என்கிறார்கள். வளரட்டும். அங்கே நிழல் விழுந்தால் முதலில் போய் உட்காருகிறவன் நானாகத்தான் இருப்பேன், உட்கார இடம் விட்டிருந்தால். என் சந்தேகமெல்லாம் அந்த வேகத்தின் மேல்தான். சாதனைப் புத்தகங்களில் நடுவதற்கு மணிக்கணக்கு உண்டு. தண்ணீர் ஊற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் பட்டியல் இருப்பதாகத் தெரியவில்லை.

இதற்கு நேர் எதிரே, அழகர்மலைப் பக்கம் காசம்பட்டியில் ஒரு வீரக்கோயில் காடு இருக்கிறது. 4.97 ஹெக்டேர். யாரும் நட்டுச் சாதனை செய்யவில்லை. வெட்டாமல் விட்டதுதான் ஊர் செய்த வேலை. சாமி காட்டில் குச்சி ஒடித்தால் சாமி கேட்கும் என்று தலைமுறை தலைமுறையாக ஒரு பயம், அவ்வளவுதான். 2025 மார்ச்சில் அரசு அதைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவித்தது. மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டிக்கு அடுத்து மாநிலத்தில் இரண்டாவது. எத்தனையோ துறைகளுக்கு வாய்க்காத பெயர், கைச்செலவில்லாமல் ஒரு சாமிக்கு வாய்த்தது. புளியமரத்தடியிலும் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசி வைத்திருக்கலாம் என்று எங்கள் ஊரில் இப்போது பேசிக்கொள்கிறார்கள். நாலுவழிச் சாலை சாமிகளையும் நகர்த்தியிருக்கிறதே என்று நான் சொன்னேன். ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பரிகார பூஜை செய்து, தேங்காய் உடைத்து, மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் நகர்த்தினார்கள் என்றார்கள். மரத்திடம் யாரும் கேட்கவில்லை.

போன மாதம் சித்தப்பா காட்டுக்குப் போயிருந்தேன். நிழல்வலை இரண்டாம் தடவை கிழிந்து, கந்தலாகத் தொங்குகிறது. மாற்றுவதற்கு மானியம் கிடையாதாம், கட்டுவதற்கு மட்டும்தான் கொடுத்தார்களாம். வடமேற்கு மூலைக் கல்தூணை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு வேம்பு நிற்கிறது. காக்காய் பழம் தின்று போட்ட கொட்டை. அதைச் சுற்றிச் சித்தப்பா பாத்தி கட்டியிருந்தார், ஆடு கடிக்காமல் முள்ளும் அடைத்திருந்தார். நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, என் வாயை முந்திக்கொண்டார்.

"இதுக்கு மானியம் ஏதும் உண்டான்னு ஆபீசுல விசாரிச்சியா?"

விசாரித்திருந்தேன். தமிழ்நாடு நீடித்த பசுமைப் போர்வை இயக்கம் என்று ஒரு திட்டம் இருக்கிறது. வரப்போரம் நட ஏக்கருக்கு 50 கன்று, நிலம் முழுக்க என்றால் 160, இனாமாகவே தருகிறார்கள். பிழைத்து நிற்கிற கன்றுக்கு ஆண்டுக்கு 7 ரூபாய் ஊக்கத்தொகை, மூன்று ஆண்டுக்கு. நல்ல திட்டம் என்றுதான் சொல்ல வேண்டும்.

"உண்டு சித்தப்பா. ஆனா அவங்க குடுத்த கன்னா இருக்கணும். இது தானா மொளச்சது, சேராது."

சித்தப்பா வேம்பையும் தூணையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப அந்தக் காக்காகிட்ட ஒரு பில்லு வாங்கி வச்சிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, மோட்டார் போடப் போனார்.